பின்னறைக்கு ஒரு தாழ்ப்பாள்

என் தங்கை மறைந்து ஓர் ஆண்டு ஆகிறது. வேலையை விட்டுவிட்டு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தபந்தங்களுக்கும், அடையாறு வட்டாரத்துப் பெரியவர்களுக்கும், தங்கையிடம் ஊசி போட்டுக்கொண்ட அத்தனை பேருக்கும் என் கும்பிடு. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதிதான். எழுத்துப் பிழைகளை அச்சகத்தார் திருத்திவிட்டார்கள். பேச்சையும் திருத்த வந்தார்கள். அதற்கு நான் விடவில்லை.

தங்கையை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்றார்கள். சரி, அச்சில் மரியாதை இருக்கட்டும். அவர் டாக்டர் ஆன அன்றைக்கே நாலு பேர் முன்னால் "வாங்க டாக்டர்" என்று கூப்பிட்டவன் நான். "இன்னாண்ணா, கூத்து காட்டிக்கினு கீற?" என்று என் மண்டையில் குட்டினார். அவ்வளவுதான் அவருக்கு மரியாதை மேல் இருந்த ஆசை.

என்னை இந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. தெரியவில்லை என்றால் உங்கள் வீட்டில் இன்னும் சாவு விழவில்லை என்று பொருள். ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறவன் நான். மந்தைவெளியிலிருந்து திருவான்மியூர் வரைக்கும், பெரிய பெரிய பங்களாவில் வாழ்ந்தவர்களும் சரி, குப்பத்தில் வாழ்ந்தவர்களும் சரி, கடைசியாகப் படுத்தது என் பெட்டியில்தான். மீன்பாடி வண்டியில் ஐஸ் பார் தள்ளியவன், இன்றைக்கு இருபத்திரண்டு பெட்டிக்கும் மூன்று வேனுக்கும் சொந்தக்காரன். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானே எழுந்தேன். எழுந்து தங்கையையும் தூக்கி நிறுத்தினேன்.

தங்கை டாக்டர், அண்ணன் பெட்டிக்காரன். டீக்கடையில் சும்மா விடுவார்களா? "தங்கச்சி பாத்தா பொழச்சுக்குவ. இல்லாங்காட்டி அண்ணன் பாத்துக்குவாரு" என்பார்கள். "ஒரே வீட்ல ஃபுல் சர்வீஸ் மச்சி" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். தங்கை மட்டும் சிரிக்க மாட்டார்.

நாங்கள் பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். இன்று அந்த இடத்தில் ஒரு குடிசையும் இல்லை. எல்லோரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடியில் விட்டுவிட்டார்கள். எங்கள் தந்தையார் மூட்டை தூக்கியவர். அம்மா தங்கையைப் பெற்ற ஆறாம் மாதமே போய்விட்டார்கள். எனக்குப் பதினாறு, தங்கைக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு மழை மாதத்தில் தந்தையாருக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் காலையில் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

வீட்டில் செத்தவரை எரிக்க வேண்டுமென்றால் டாக்டர் வந்து பார்த்து ஒரு தாள் எழுதித் தர வேண்டும். தாள் இல்லாமல் சுடுகாட்டில் வாங்க மாட்டார்கள். மூன்று டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அந்தச் சேற்றில் யாரும் இறங்கி வரவில்லை. அன்றைக்கு அவர்களைத் திட்டினேன். இன்று திட்ட மாட்டேன். வாசலில் ஐம்பது காய்ச்சல்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது செத்தவனுக்காக ஒரு டாக்டர் எப்படி எழுந்து வருவார்? நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியில் கெஞ்சி நாலு ஐஸ் பார் வாங்கி வந்து, மரத்தூள் கொட்டி, அதன் மேல் தந்தையாரைப் படுக்க வைத்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தார்.

அந்த இரண்டு நாளும் தங்கை பக்கத்தைவிட்டு நகரவில்லை. மார்பில் காதை வைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, உள்ள சத்தம் கேக்குது."

"ஐஸ் உருகற சத்தம்டி."

"அது வேற. இது வேறண்ணா. நீ வந்து கேளு."

நான் கேட்கவில்லை. பயம். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு டாக்டர் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்தார். மார்பில் குழாயை வைத்தார், எடுத்தார், எழுதினார். பத்து வயசுப் பெண் அவரைப் பார்த்து, "எத்தினி நேரம் சார் கேட்டீங்க?" என்று கேட்டது. அவர் அதன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளில்தான் எங்கள் இரண்டு பேர் தொழிலும் முடிவாயிற்று. செத்தவருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன். செத்துவிட்டாரா என்று நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டார். கடைசிவரை அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. "அன்னிக்கு நான் கேட்டது நெசமா இல்லியான்னு இன்னும் தெரிலண்ணா" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

கார்ப்பரேஷன் பள்ளியில் படித்து, தன் மார்க்கில் சீட்டு வாங்கி டாக்டர் ஆனார். மார்க் அவருடையது. புத்தகம், பஸ், சோறு, துணி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்கிற கண்ணாடித் துண்டு வரைக்கும் என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "டூட்டி ரூம்லயே குடித்தனம் பண்ண ஆம்பள கீறானா, கூட்டினு வா" என்று வாயை அடைத்துவிடுவார். காலையில் போனவர் மறுநாள் சாயங்காலம் வருவார். ஒரு கட்டிலில் இரண்டு நோயாளி, கட்டிலுக்குக் கீழே இன்னொருவர், அத்தனை பேருக்கும் நின்றுகொண்டே வைத்தியம். பெண் டாக்டர்கள் படுக்க ஓர் அறை இருந்ததாம். அதில் பாதிக்கு மருந்துப் பெட்டி அடுக்கியிருக்குமாம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாதாம். "கண்ண மூடினா கதவு தொறக்கும்ண்ணா. தொறக்கலன்னாலும், தொறக்கும் தொறக்கும்னு முழிச்சினே படுத்திருப்போம்" என்று சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை ஒரு நோயாளியின் மகன் தங்கையின் கன்னத்தில் அறைந்துவிட்டான். அவன் அப்பாவுக்குக் கட்டில் கிடைக்கவில்லை. நான் வேனில் பத்து பேரை ஏற்றிக்கொண்டு போனேன். தங்கை கேட்டிலேயே மறித்தார். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"திரும்பிப் போண்ணா. அவனுக்குக் கோவம் என் மேல இல்ல. கட்டில் இல்லன்னு கோவம். எனக்கும் அதே கோவம்தான்."

மறுநாள் அவன் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவரும் தங்கைதான்.

ஓய்வு பெற்ற பிறகு என் சொந்தக் கட்டடத்தில், அடையாறில் பஸ் டிப்போ பக்கத்துச் சந்தில், முன் அறையில் கிளினிக் வைத்துக் கொடுத்தேன். பின் அறை என் குடோன். வாடகைக்குப் போகாத பெட்டிகள் அங்கே இருக்கும். நடுவில் ஒரு சின்ன நடை. அங்கே செல்வி என்கிற பெண் மேசை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். தங்கை உள்ளே பெல் அடித்தால் அடுத்த டோக்கனை அனுப்புவாள். மாலை நாலு மணிக்குக் கிளினிக் திறக்கும். ஓய்வு என்று பேர்தான். காலையெல்லாம் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். சந்தில் யார் செத்தாலும் தாள் எழுத அவர்தான் போவார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது இங்கிலீஷில் இருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எண் மட்டும் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன், அதன் உருவம் எனக்கு மனப்பாடம். நடுவில் மூன்று வரி இருக்கும். எதனால் செத்தார் என்பது முதல் வரி. அதற்குக் காரணம் எது என்பது இரண்டாவது. அதற்கும் காரணம் எது என்பது மூன்றாவது. நிறைய டாக்டர்கள் முதல் வரியோடு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு எங்கே நேரம்? தங்கை மட்டும் எப்படியாவது மூன்றையும் நிரப்புவார். அதற்கு முன்னால் குழாயை மார்பில் வைத்து, முழுசாக ஐந்து நிமிடம் கேட்பார். வேன் நிற்கும், பெட்டி திறந்திருக்கும், ஆள்கள் காத்திருப்பார்கள். "இன்னாம்மா, முடிஞ்சுதா?" என்று நான் அவசரப்படுத்துவேன். விரலை வாயில் வைத்துக் காட்டுவார். அவர் எழுந்த பிறகுதான் என் பெட்டி மூடும்.

இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் என்னிடம் ஒன்று கேட்டார். வாழ்க்கையில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். பர்வீன் என்று ஓர் இளம் டாக்டர், அரசு ஆஸ்பத்திரியில் தங்கையிடம் வேலை கற்ற பெண், ஞாயிற்றுக்கிழமை வந்து கிளினிக்கில் உதவுவார். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் தங்கை.

"அந்தப் பொண்ணு ஓஞ்சு போச்சுண்ணா. தொடர்ச்சியா டூட்டி. இந்த வேலையே வேணாம், வெளிநாட்டுக்குப் போறேன்னு சொல்லிக்கினு கீது. கெட்டிக்காரப் பொண்ணு. விடக் கூடாது. பின்னாடி ரூமக் காலி பண்ணு. ஒரு கட்டில் போடு. உள்ள ஒரு தாழ்ப்பாள் வை. அது போதும்."

"பெட்டிய எங்க வெப்பேன்? தலையிலயா?"

"வேற எடம் பாரு."

"முப்பது வருஷம் கட்டில் இல்லாம நின்னே வைத்தியம் பாத்தவ நீ. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மெத்த வேணுமா? நான் ஐஸ் வண்டி மேலயே தூங்கி எழுந்தவன்."

தங்கை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. பகலில் வீடு வீடாகச் சுற்றிவிட்டு வந்தால், நாலு மணிக்கு முன்னால் பத்து நிமிடம் பின்னறைக்குப் போவார். காலியாக இருக்கும் பெட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டுக் குளிரைக் குறைவாக வைத்து, அதிலேயே படுத்துக்கொள்வார். மல்லாந்து, கையை மார்பில் வைத்து.

முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எழுந்துரு மொதல்ல!" என்று கத்தினேன். கண்ணைத் திறக்காமலே, "நல்லா சில்லுனு கீதுண்ணா. இதுல படுத்தவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொல்லலியே" என்றார். அப்புறம் எனக்கும் பழகிவிட்டது. பழகினது மட்டுமா? டீக்கடையில் பெருமையடித்தேன். "என் தங்கச்சிக்கு பயம்னா இன்னான்னே தெரியாது. பொணப் பெட்டில படுத்து கொறட்ட விடுவா" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்வீன் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஐயா, இது தமாஷ் இல்ல" என்றார். நான் சிரித்தேன்.

இனி எழுதப் போவதைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அன்று வியாழக்கிழமை. பின்னறையில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதுவும் கம்ப்ரசர் போன பெட்டி. கரண்ட் ஒயரே கழற்றிக் கிடந்தது. மற்ற எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன. மூன்றரை மணிக்குத் தங்கை வெயிலில் சுற்றிவிட்டு வந்து, "பத்து நிமிஷம் செல்வி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். நான் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தபோது மணி ஆறு ஆக ஏழெட்டு நிமிடம் இருந்தது. வாசலில் கூட்டம். நடையில் ஒரு பெரியவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு செல்வியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பெல் அடிச்சுதேன்னு உள்ள போறேன், யாருமே இல்லியேம்மா! விளையாடறீங்களா?"

"இப்பத்தானே ஏழாவது டோக்கனப் பாத்தாங்க. உள்ளதான் இருப்பாங்க பெரியவரே" என்றாள் செல்வி.

நான் பின்னறைக் கதவைத் திறந்தேன். தங்கை பெட்டியில் மல்லாந்து, கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். "மணி ஆறாவப் போகுது" என்று தோளைத் தொட்டேன்.

தொட்டதும் தெரிந்துவிட்டது. டாக்டர் படிப்பு எனக்கு இல்லை. ஐம்பது வருஷமாகச் செத்தவர்களைத் தொட்டுத் தூக்கிய கை இது. தாடை இறுகியிருந்தது. கழுத்தும் இறுகத் தொடங்கியிருந்தது. விரல் மட்டும் இன்னும் தளர்ந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று என் கை சொன்னது. என் கை இதில் தப்பு பண்ணினதே கிடையாது. அன்றைக்கு மட்டும் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டினேன்.

நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் ஏழு பேர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

அப்புறம் அந்த ஏழு பேரிடமும் நானே போய்க் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் பூங்காவனம் அம்மாள் இப்படிச் சொன்னார்:

"சன்னல் பக்கமா திரும்பி, மாஸ்க் போட்டுக்கினு உக்காந்துனு இருந்தாங்க நைனா. நாடி புடிச்சாங்க. கை சில்லுனு இருந்துச்சு. 'இன்னா டாக்டரம்மா, கை இப்டி கீது?'ன்னு கேட்டேன். 'பின்னாடி பெட்டில படுத்துக்கினு இருந்தேன்'னாங்க. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன். உனுக்குத்தான் தெரியுமே, அவங்க அங்க படுப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லை என்று நான் பூங்காவனம் அம்மாளிடம் சொல்லவில்லை.

இன்னொருவர் ஓர் ஆட்டோ டிரைவர். நெஞ்சு கரிக்கிறது, வாயுக்கு ஏதாவது கொடுங்கள் என்று போனவர். "எதுவுமே பேசல தலைவரே. கொழாய வெச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் சீட்டு எழுதி, 'இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ஆட்டோவ நீ ஓட்டாத'ன்னாங்க. அவ்ளோதான்." அவர் வேறொருவர் ஆட்டோவில் போனார். ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்தார். அங்கேயே விழுந்ததால் பிழைத்தார். இன்று இந்த வீட்டு வாசலில் உங்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருப்பவர் அவர்தான். ஏழு சீட்டையும் பர்வீன் டாக்டர் பார்த்தார். கையெழுத்து தங்கையுடையது. மருந்தும் சரி, அளவும் சரி.

செல்வி சொன்னது ஒன்றுதான். "பின்னாடி போனதப் பாத்தேன் ஐயா. திரும்பி வந்ததப் பாக்கல. ஆனா பெல் அடிச்சுது. அஞ்சு மணிக்கு டீ கொண்டுபோய் மேசை மேல வெச்சேன். எழுதிக்கினே இருந்தாங்க, நிமிர்ந்து பாக்கல. அப்புறம் பாத்தா டீ அப்படியே ஏடு கட்டி இருந்துச்சு."

டீக்குப் பக்கத்தில், தாள் பறக்காமல் வைக்கிற கல்லுக்கு அடியில், ஒரு தாள் இருந்தது. எல்லோரும் பின்னறைக்கு ஓடிய நேரத்தில் அதை நான்தான் முதலில் பார்த்தேன். நோயாளிக்கு எழுதும் சீட்டு இல்லை. சுடுகாட்டுத் தாள். மூன்று வரி உள்ள தாள். மேலே செத்த நேரம் 3.40 என்று போட்டிருந்தது. கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிய நேரம் 5.50. எண் எனக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? தங்கையின் கையெழுத்தும் தெரியும். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

டூட்டியிலிருந்து அப்படியே ஓடிவந்த பர்வீன் டாக்டரிடம், "நிதானமாக் கேளும்மா. அஞ்சு நிமிஷம்" என்றேன். அந்தப் பெண் அழுதுகொண்டே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, முழுசாக ஐந்து நிமிடம் கேட்டார். நானும் இந்த முறை அவசரப்படுத்தவில்லை. பிறகு முறைப்படி தாள் எழுதிக் கொடுத்தார். அதைச் சுடுகாட்டில் கொடுப்பதற்கு முன்னால் என் பையில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் வரியில் இரண்டு தாளிலும் அதே வார்த்தைகள்தான். பர்வீன் டாக்டர் மற்ற இரண்டு வரியையும் காலியாக விட்டிருந்தார். தங்கையின் தாளில் மூன்றும் நிரம்பியிருந்தன.

ஏழு மாதம் அந்தத் தாளைப் பையிலேயே வைத்திருந்தேன். சட்டை மாற்றினால் தாளும் பை மாறும். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். ஊரையே ஏற்றி இறக்குகிறவன் ஒரு தாளைப் படிக்கத் தெரியாமல் நிற்பதா என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, படிக்கத் தெரியாதது பிரச்சினை இல்லை. படித்துவிடுவார்களே என்பதுதான் பிரச்சினை. கிளினிக் மூடிக் கிடந்தது. சாயங்காலம் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜனங்கள் திரும்பிப் போவார்கள். பூங்காவனம் அம்மாள் மட்டும் வாசலில் நின்று, "இன்னா நைனா, எங்கள அனாதையா வுட்டுட்ட" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுப் போவார்.

எட்டாம் மாதம் பர்வீன் டாக்டர் சொல்லிக்கொண்டு போக வந்தார். ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறேன், அடுத்த மாதம் வெளிநாடு என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. இருபத்தொன்பது வயசுப் பெண். என் தங்கையை அந்த வயதில் நான் எப்படிப் பார்த்தேனோ அதே முகம். என்ன நினைத்தேனோ, பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன்.

"இத எனக்குப் படிச்சுச் சொல்லும்மா."

பிரித்தார். வாய் லேசாகத் திறந்தது. இரண்டு நேரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மொத வரி, இதயம் நின்னுடுச்சு."

"அது தெரியும். அடுத்தது?"

"அதுக்குக் காரணம், நெடுநாள் களைப்பு. தூக்கமில்லாதது."

"மூணாவது?"

பர்வீன் டாக்டர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"படுக்க இடம் இல்ல."

அந்தப் பின்னறையில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டார். பெட்டி என்றேன். தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெட்டிகளை எல்லாம் வெளியே ஏற்றினேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு கொட்டகை பிடித்து அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி. கட்டில் பழசு. தங்கை வீட்டில் படுத்த கட்டில். தாழ்ப்பாளை மட்டும் ஆள் வைக்காமல் நானே திருப்புளி பிடித்து மாட்டினேன். உள்பக்கம். கனமான இரும்புத் தாழ்ப்பாள். அந்த அறையின் சாவியைப் பர்வீன் டாக்டருக்கு அனுப்பினேன். இரு என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வந்தார். அறையைப் பார்த்தார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "ஒரு மாசம் பாக்கறேன் ஐயா" என்றார். நாலு மாதம் ஆகிறது. இப்போது அவரோடு இன்னும் இரண்டு இளம் டாக்டர்கள் முறை வைத்து வருகிறார்கள். கிளினிக் தினமும் திறக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு டிக்கெட்டைக் கிழித்துப் போட்ட பர்வீன் டாக்டருக்கும், மகளை என் வார்த்தையை நம்பி அனுப்பும் அவருடைய தாய் தந்தையருக்கும். அந்த மேசையைவிட்டு ஓடிப்போகாமல் இருக்கும் செல்விக்கு. தங்கையைக் கடைசியாகச் சுமந்த என் வேன் ஆள்களுக்கு, அன்று அவர்கள் கூலி வாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக் குப்பத்தையே கூட்டிவந்த பூங்காவனம் அம்மாளுக்கு. எங்கள் தந்தையாருக்காக அன்று சேற்றில் இறங்கி வந்த, பெயர் தெரியாத அந்த டாக்டருக்கும்.

தங்கையிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். மாலை வேண்டாம், போஸ்டர் வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

சென்ற மாதம் ஒரு பகலில் செல்வி என்னைக் கூப்பிட்டாள். "ஐயா, பின்னாடி ரூம் உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கு. டாக்டருங்க யாரும் இன்னும் வரலியே." போய்த் தள்ளிப் பார்த்தேன். உள்ளே போட்டுத்தான் இருந்தது. சன்னலுக்குக் கம்பி இருக்கிறது. வேறு வழி கிடையாது. மணி மூன்று நாற்பது. தட்டலாம் என்று கை தூக்கினேன். தட்டவில்லை. அன்றைக்குத் தந்தையார் மார்பில் வைக்காத காதை இன்றைக்குக் கதவில் வைத்தேன். ஐந்து நிமிடம். கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. யாரோ புரண்டு படுத்தது போல.

நாலு மணிக்குத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. திறந்து பார்த்தோம். அறை காலி. மெத்தையில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி நடக்கிறது. பர்வீன் டாக்டர் அந்த நேரத்தில் வந்தால் சத்தமில்லாமல் நடையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்.

ஆகவே உங்களை எல்லாம் கேட்டுக்கொள்வது இதுதான். எவ்வளவு காய்ச்சல் அடித்தாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், அந்தப் பின்னறைக் கதவை நாலு மணிக்கு முன்னால் யாரும் தட்ட வேண்டாம். நடையில் செல்வி இருக்கிறாள், அவளிடம் சொல்லுங்கள். உள்ளே டாக்டர் படுத்திருக்கிறார்.